ரிவர்ஸ் மாமாவும் வெளிக்கடலும்

படகுத்துறையில் என்னிடம் டிக்கெட் வாங்குகிறவர்களில் முக்கால்வாசிப் பேர், படகில் ஏறியதும் மாமாவிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "இது கடலுக்குள்ள போகுமா?"

"தாராளமா போகும். திரும்பி வருமான்னு கேளுங்க" என்பார் மாமா.

மாமா என்றால் என் அக்கா வீட்டுக்காரர். துறையில் அவருக்கு ரிவர்ஸ் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். உப்பங்கழியில் ஒரு சுற்றுச் சுற்றி முகத்துவாரம் வரை ஆட்களைக் கூட்டிப்போவார். அங்கே தண்ணீரைப் பார்ப்பார், உதட்டைப் பிதுக்குவார், திருப்பிவிடுவார். கெஞ்சினாலும் சரி, மிரட்டினாலும் சரி, மசிய மாட்டார். மற்ற படகுக்காரர்கள் அவர் காதில் விழும்படியே கிண்டல் பண்ணுவார்கள். அவர் சிரித்துக்கொண்டு போய்விடுவார், எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். எனக்கு மூக்கின் மேல் கோபம் என்பது துறையில் எல்லோருக்கும் தெரியும், அதனால் என் ஜன்னல் பக்கம் வந்து யாரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை.

அவருடையது பாண்டூன் படகு. இரண்டு நீளமான அலுமினியக் குழாய்கள், அவற்றின் மேல் வீட்டுக் கூடம் மாதிரி ஒரு தட்டையான தளம், சுற்றிலும் கம்பி, நிழலுக்குத் துணிக்கூரை. அமைதியான தண்ணீரில் இதைப்போல் சொகுசு வேறு கிடையாது. ஆனால் மற்ற படகுகளைப்போல் இதற்கு அலையை வெட்டுகிற வயிறு இல்லை. குட்டையான செங்குத்து அலை வந்தால் மூக்கு அதற்குள் புகுந்துவிடும், தளமெல்லாம் தண்ணீர். காற்றும் பக்கவாட்டில் தள்ளும். வெளியே போவதைவிட உள்ளே வருவதுதான் மோசம், ஏனென்றால் அப்போது அலை முதுகில் ஏறி மூக்கைக் கீழே அழுத்தும். காற்று கரையை நோக்கி அடிக்கும்போது உப்பங்கழித் தண்ணீரும் வெளியே இறங்கினால், முகத்துவாரத்தில் இரண்டும் மோதிக்கொள்ளும். இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்கிறீர்களா? தினமும் கேட்டுக் கேட்டுக் காது புளித்துப்போயிருக்கிறது.

மாமா பிறவிப் படகோட்டி ஒன்றும் இல்லை. நெடுந்தூர லாரி ஓட்டியவர். வாரக்கணக்கில் வீட்டுக்கு வரமாட்டார், வந்தால் தூங்குவார். அக்காவுக்குக் கால் நரம்புகள் தளர ஆரம்பித்த பிறகுதான் லாரியை விட்டார். முதலில் அவள் படியில் தடுமாறினாள், அப்புறம் சுவரைப் பிடித்து நடந்தாள், கடைசியில் சக்கர நாற்காலி. ஊரில் எத்தனையோ வேலை இருக்க, இந்தப் படகைத்தான் மாமா தேடிப் பிடித்தார். வேறு எந்தப் படகிலும் விளிம்பைத் தாண்டிக் காலைத் தூக்கி வைக்க வேண்டும். இதில் கதவைத் திறந்தால் துறையும் தளமும் ஒரே மட்டம், நாற்காலி அப்படியே உருண்டு ஏறிவிடும். சாயங்காலம் ஆட்கள் இறங்கினதும் அக்காவை ஏற்றிக்கொண்டு ஒரு சுற்றுப் போவார். "கல்யாணமான புதுசுல எங்கயும் கூட்டிட்டுப் போகலைன்னு சண்டை போட்டியே, இப்போ தினமும் ஊர் சுத்து" என்பார்.

காலையில் அவளைக் கட்டிலிலிருந்து தூக்கி நாற்காலியில் வைப்பது, குளிக்க வைப்பது, தலை சீவுவது எல்லாம் அவர்தான். வகிடு எப்போதும் கோணலாக இருக்கும். என் வீடு அடுத்த தெருவில்தான், நான் வந்து ஒரு கை பிடிக்கட்டுமா என்று கேட்டால், "அவ வெயிட்டு எனக்குப் பழகிடுச்சு. நீ பிடிச்சா அப்புறம் ரெண்டு பேரையும் நான் தூக்கணும்" என்று வாயை அடைத்துவிடுவார்.

அவர்களுக்கு ஒரே பையன். சரக்குக் கப்பலில் எஞ்சின் அறையில் வேலை. அவன் கிளம்பிய அன்று அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டாவது வாசல் வரை நடந்துபோய் வழியனுப்பினாள். அதன் பிறகு நாற்காலி வந்ததை அவனுக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லக்கூடாது என்பது அக்காவின் கட்டளை. சொன்னால் வேலையை உதறிவிட்டு ஓடி வந்துவிடுவான் என்று பயந்தாள். வீடியோவில் பேசும்போது முகமும் பின்னால் இருக்கிற வெறும் சுவரும் மட்டும் தெரிகிற மாதிரி உட்கார்ந்துகொள்வாள். "கால் எப்படிம்மா இருக்கு?" என்று அவன் கேட்டால், "அதுபாட்டுக்கு இருக்கு" என்பாள். மாமாவுக்கு இந்த நாடகம் துளியும் பிடிக்கவில்லை. ஆனாலும் அவள் பேச்சை அவர் தட்டினதில்லை.

இப்படி இருக்கும்போதுதான் அவன் போன் பண்ணினான். கப்பல் எண்ணெய் நிரப்ப நம் ஊருக்கு வெளியே நங்கூரம் போடப்போகிறது, காலையில் வந்து மாலையில் போய்விடும், யாரையும் இறக்கிவிட மாட்டார்கள் என்றான். "கரை தெரியும்மா. அவ்வளவுதான்" என்றான்.

போனை வைத்ததும் அக்கா மாமாவைப் பார்த்தாள். "என்னைக் கூட்டிட்டுப் போங்க."

"நம்ம படகுலயா? வெளிக்கடலுக்கா? விளையாடுறியா?"

பக்கத்துப் படகுக்காரர் தன் மீன்பிடிப் படகில் கூட்டிப்போகிறேன் என்று முன்வந்தார். அது அலையை வெட்டிக்கொண்டு போகும்தான். ஆனால் அதன் விளிம்பு இடுப்பு உயரம். ஆடுகிற படகுக்கும் துறைக்கும் நடுவே அவளைக் கைமாற்றும்போது ஒரு பிடி நழுவினால் என்ன ஆகும்? மாமா யோசித்துப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூடப் பரவாயில்லை. "தூரத்துல இருந்து பாத்தா போதும். அவன் இருக்கான்னு என் கண்ணால பாக்கணும். ஆனா அவன் என் நாற்காலியைப் பாக்கக்கூடாது. கிட்டப் போனதும் என்னை முன்னாடி சோபாவுல உட்கார வச்சிடுங்க, நாற்காலியை மடிச்சிடுங்க" என்றாள்.

கப்பல் வந்த அன்று விடிந்ததும் அவர் முகத்துவாரத்துக்கு நடந்துபோய்த் தண்ணீரைப் பார்த்துவிட்டு வந்தார். கடல் எண்ணெய் ஊற்றின மாதிரி கிடந்தது, காற்றே இல்லை. "போலாம். ஆனா ஒரு விஷயம். நான் திரும்பணும்னா திரும்பிடுவேன். அப்போ யாரும் ஒரு வார்த்தை பேசக்கூடாது" என்றார். அக்கா தலையாட்டினாள். நானும் தொற்றிக்கொண்டேன், என்னை யார் தடுக்க முடியும்?

குழாய்களைத் தட்டிப் பார்த்தார், எஞ்சினைப் பார்த்தார், எங்கள் லைஃப் ஜாக்கெட் வார்களை இழுத்து இழுத்துப் பார்த்தார். அக்காவை நடு பெஞ்சில், தனக்குப் பின்னால் உட்கார வைத்தார். நாற்காலியை மடித்துப் பின்பக்கம் கட்டினார்.

முகத்துவாரம் தாண்டியபோது நான் கம்பியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன். இத்தனை வருஷம் துறையில் வேலை பார்த்தும் நான் அந்தப் பக்கம் போனதில்லை. ஆனால் வெளியே கடல் சாதுவாக இருந்தது. நீளமான அலைகள் மெதுவாக எங்களைத் தூக்கி மெதுவாக இறக்கின. கப்பல் பெரிதாகிக்கொண்டே வந்தது. நாங்கள் வருவதை அக்கா அவனிடம் சொல்லியிருந்தாள். போனில் பையன் சொன்னான். "தெரியுதும்மா! கூரை தெரியுது, அப்பா நிக்கிறது தெரியுது. உன்னைத்தான் காணோம், அப்பா மறைக்கிறார்." கப்பலின் மேல்தளத்தில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு புள்ளி கையாட்டியது. அக்கா பெஞ்சிலிருந்து எக்கி எக்கிப் பார்த்தாள்.

இன்னும் கொஞ்சம் போயிருந்தால் முகமே தெரிந்திருக்கும். அப்போதுதான் காற்று வந்தது. முதலில் கன்னத்தில் சில்லென்று பட்டது. அப்புறம் தண்ணீரின் நிறம் மாறியது, குட்டை குட்டையாக அலை கிளம்பியது. மாமா வேகத்தைக் குறைத்தார். படகின் மூக்கு ஒரு அலைக்குள் புகுந்து எழுந்தது, முன் சோபாவுக்கு அடியிலிருந்து தண்ணீர் ஓடி வந்து எங்கள் கால்களை நனைத்தது.

"திரும்புறேன்" என்றார் மாமா.

எனக்கு வந்த ஆத்திரத்தில் ஒப்பந்தமெல்லாம் மறந்துபோயிற்று. "இன்னும் கூப்பிடு தூரம்தானே மாமா? பெத்தவங்க பிள்ளையைப் பாக்க வேணாமா? இங்க வந்துமா ரிவர்ஸு?" என்று வாய்க்கு வந்தபடி கத்தினேன். அவர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அலைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு அலைகளுக்கு நடுவே கொஞ்சம் தட்டையான இடம் வந்ததும் ஒரே மூச்சில் படகைத் திருப்பினார். அக்கா கொடுத்த வாக்குப்படி ஒரு வார்த்தை பேசவில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"எல்லாரும் பின்னாடி போங்க. மூக்கு லேசா இருக்கணும்" என்றார்.

பின்னால் சோபா கிடையாது, வெறும் தளமும் எஞ்சினும்தான். ஆடுகிற படகில் அவளை வேறு எப்படி அங்கே உட்கார வைப்பது? மாமா என்னை ஸ்டியரிங்கைப் பிடிக்கச் சொல்லிவிட்டு நாற்காலியை விரித்தார், அவளைத் தூக்கி வைத்தார், நாற்காலியைப் பின்கம்பியோடு சேர்த்து இரண்டு கயிறுகளால் கட்டினார். கடலைப் பார்த்தபடிதான் கட்ட முடிந்தது. கட்டி முடித்துத் திரும்பி வந்து ஸ்டியரிங்கை வாங்கிக்கொண்டார், நான் பின்னால் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவள் பக்கத்தில் நின்றேன்.

அக்காவுக்கு நேர் எதிரே கப்பல் நின்றது. இனி அவளை மறைக்க ஒன்றும் இல்லை. கால்மேல் போட்டிருந்த சால்வையைச் சக்கரங்களின் மேல் இழுத்து இழுத்துப் போட்டாள். காற்று அதைப் பறித்துக்கொண்டு போயிற்று. கொஞ்ச நேரம் வெறுங்கையோடு உட்கார்ந்திருந்தாள். அப்புறம் என்ன நினைத்தாளோ, கையை உயர்த்தி ஆட்ட ஆரம்பித்தாள். அந்த ஆரஞ்சுப் புள்ளி கண்ணுக்குத் தெரிகிற வரை ஆட்டிக்கொண்டே இருந்தாள்.

முகத்துவாரத்தில் உப்பங்கழித் தண்ணீர் வெளியே இறங்கத் தொடங்கியிருந்தது. மாமா ஒரு அலையின் முதுகுக்குப் பின்னாலேயே, அதை முந்தாமல், அடுத்து வருகிற அலை எங்கள் முதுகில் ஏறவும் இடம் கொடுக்காமல் ஓட்டினார். அவர் சட்டை முழுக்க நனைந்திருந்தது, அது கடல் தண்ணீரா வியர்வையா என்று தெரியவில்லை. இன்னும் ஐந்து நிமிஷம் தாமதித்திருந்தால் நாங்கள் உள்ளே வந்திருக்க மாட்டோம் என்பது எனக்கே புரிந்தது. உள்ளே அமைதியான தண்ணீருக்கு வந்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு, "அவனைக் காட்டாமலே கூட்டிட்டு வந்துட்டேன். மன்னிச்சிடும்மா" என்றார் அக்காவிடம்.

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ஸ்பீக்கரில் போட்டாள்.

"அம்மா, ஆபீசர்கிட்ட பைனாகுலர் வாங்கிப் பாத்தேன். நீங்க திரும்பினதும்தான் உன்னை முழுசா பாத்தேன்." அப்புறம் கேட்டான். "எப்பலேர்ந்தும்மா?"

"எதுடா?"

"நாற்காலி."

"அதுவா? இந்தப் படகுல எல்லாருக்கும் அந்த மாதிரி சேர்தான் குடுப்பாங்க" என்றாள் அக்கா.

"சித்தி நின்னுட்டுத்தானே இருந்தாங்க?"

அக்காவால் அதற்கு மேல் சமாளிக்க முடியவில்லை. "நீ கிளம்பின கொஞ்ச நாள்லயே" என்றாள். அந்தப் பக்கம் அவன் அழுவது கேட்டது. மாமா போனை வாங்கிக்கொண்டார். "டேய், அழாதடா, பக்கத்துல எல்லாரும் பாப்பாங்க. அம்மா மேல கோவப்படாதே. நான்தான் சொல்ல வேணாம்னேன்." மனிதர் வாயிலிருந்து நான் கேட்ட முதல் பொய்.

"கோவமெல்லாம் இல்லப்பா" என்றான் அவன். "இத்தனை நாளா அம்மாவை நீங்க ஒருத்தரா தூக்கிட்டு இருக்கீங்க?"

மாமா போனை அக்கா மடியில் வைத்தார். எத்தனை பேருக்கு எத்தனை பதில் சொல்கிற மனிதர். படகின் ஈரத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். நாற்காலிச் சக்கரத்தில் தலையைச் சாய்த்துக்கொண்டு அழுதார்.

"ஆமாடா" என்றாள் அக்கா, அவர் தலையில் கையை வைத்துக்கொண்டு. "ஒருத்தராத்தான்."