மச்சானின் கிளுவை வேலி

எங்கள் வீட்டிலிருந்து கல்வராயன் மலைக்குப் போகும் சாலைவரை பதினொரு கொல்லைகள் இருக்கின்றன. பத்துக்குக் கல்தூணும் முள்கம்பியும். ஒன்றுக்கு மட்டும் இன்னும் உயிர்வேலி நிற்கிறது. அந்த ஒன்று என் மனைவியின் தம்பியுடையதாகவா இருக்க வேண்டும்? வேறு யாருடையதாக இருந்திருந்தாலும் நான் நிம்மதியாகச் சாப்பிட்டிருப்பேன்.

எனக்கும் வேலி இருந்தது. சாலையை அகலப்படுத்தியபோது முழுதும் போய்விட்டது; கம்பி போட்டேன். மற்றவர்கள் தாங்களாகவே பிடுங்கினார்கள். டிராக்டர் திரும்ப இடமில்லை, பாம்பு அடைகிறது, நிழல் விழுந்து மக்காச்சோளம் சோடை போகிறது என்று ஆளுக்கொரு காரணம். மச்சான் பிடுங்கவில்லை. அக்கறையால் அல்ல, சோம்பலால் என்பது என் கருத்து.

அவனுடையது என் கொல்லையை ஒட்டிய கொல்லை என்பதால், அந்தச் சோம்பலுக்குக் கிடைத்த கூலியை என் வரப்பில் நின்றபடியே எண்ணியிருக்கிறேன். கிளுவை, காரை, ஆவாரை, அவற்றின் மேல் படர்ந்த கோவை, பிரண்டை என்று பத்தொன்பது வகைச் செடிகொடிகள். கொம்புத்தேன் அடை இரண்டு. செம்போத்து ஒரு ஜோடி. தவிட்டுக்குருவி எட்டு. குட்டிகளோடு ஒரு கீரி. அது வேலியில் குடியிருப்பதால் அவன் மணிலாக் கடலையை எலி தொடுவதில்லை, என்னுடையதைத் தொடுகிறது. என் கம்பியில் ஒரே ஒரு கரிச்சான் வந்து உட்காரும். அதுவும் அவன் கொல்லையைப் பார்த்தபடி.

பறவைகளை இழுக்கலாம் என்று சட்டிகளில் தண்ணீர் வைத்தேன், கம்பு இறைத்தேன். தின்றன, குடித்தன, அவன் வேலிக்குப் போய்க் கூடு கட்டின.

எல்லாவற்றையும்விட என்னை அரித்தது பாகல் பந்தல். என்னுடைய இருபத்திரண்டு வரிசையில் அவன் வேலியை ஒட்டிய நான்கு வரிசைகள் மட்டும் காய்த்துத் தொங்கும். சாலைப் பக்கம் போகப் போகப் பிஞ்சுகள் மஞ்சளாகி உதிரும். தேனீக்கள் நிறைய வருவது அந்த நான்கு வரிசைவரைதான். காய் என்னுடையது, தேனீ அவனுடையது. இதை நான் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடம் சொல்லவே இல்லை.

போகியன்று எங்கள் ஊரில் வேப்பிலை, ஆவாரம்பூ, பூளைப்பூ மூன்றையும் சேர்த்து வாசலிலும் கொல்லை மூலையிலும் காப்புக் கட்டுவார்கள். முன்பெல்லாம் அவரவர் வேலியில் ஒடித்துக்கொள்வோம். இப்போது ஊரே மச்சானின் வேலிக்குப் போகிறது. அவனும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தர்மகர்த்தா மாதிரி நிற்பான். அதைப் பார்க்கப் பிடிக்காமல் இந்த முறை கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுப் பக்கம் ஐந்து கட்டு வாங்கி வந்தேன். மனைவி பிரித்துப் பார்த்தாள். பாதிப் பூ உதிர்ந்து கிடந்தது.

"எந்தம்பி வேலி இங்க பக்கத்துலயே கீது. நீங்க பஸ் ஏறிப் போய் வாங்கினு வர்றீங்க" என்று சொல்லிவிட்டுத் தம்பியின் கொல்லைக்கு நடந்தாள். எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்று பார்க்க நானும் பின்னால் போனேன். பதினேழு பேர்.

"வாங்க மாமா! இன்னா, கடைப்பூ வாடிப்பூடுச்சா?" என்றான் மச்சான். எல்லோரும் சிரித்தார்கள். "நல்லா ஒடிச்சிக்கங்க. அடுத்த போகிக்கு இந்த வேலி இருக்காது. பொங்கல் முடிஞ்சதும் ஜேசிபி வருது. மாமா கொல்லை மாதிரி கம்பி போட்டுடப் போறேன்."

"எதுக்குடா?"

"எதுக்கா? தெனம் உங்க கம்பியப் பாத்துக்கினுதான மாமா எழுந்திருக்கறேன். இன்னா நேரு, இன்னா சுத்தம்! வெளியூர்க்காரன் எவனாவது வந்தா உங்கள்தப் பாத்துட்டு இது யார் கொல்லைன்னு கேக்கறான். என்தப் பாத்தா ஆளில்லாத கொல்லையான்றான். வயிறு எரியுது."

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான். இத்தனை நாளாக இவனும் என்னைப் பார்த்து வெந்துகொண்டிருந்திருக்கிறான்! இன்னொரு முறை சொல்லச் சொல்லிக் கேட்கலாம் போலிருந்தது. பிறகுதான் என் பந்தலைத் திரும்பிப் பார்த்தேன். ஜேசிபி வேலியை அள்ளினால் அந்த நான்கு வரிசையும் அதோடு போய்விடும்.

அதைத் தடுக்க ஒரே வழிதான் இருந்தது. பதினேழு பேருக்கு முன்னால் அவன் வேலியைப் புகழ வேண்டும்.

"எடுக்காத. நல்ல வேலி."

"இன்னா மாமா? காதுல வுழல."

விழுந்திருந்தது. முகத்திலேயே தெரிந்தது.

"நல்ல வேலின்னேன். என் பாகல் நாலு வரிசை காய்க்குதுன்னா உன் வேலித் தேனீயாலதான். மிச்சமெல்லாம் உதிர்ந்துக்கினு கீது."

மனைவி கையிலிருந்த ஆவாரங்கொத்தோடு என் பக்கம் திரும்பினாள். "காய் உதுருதேன்னு நான் வேப்பம்புண்ணாக்கு கரைச்சி ஊத்திக்கினு இருந்தேனே, அப்ப வாயத் தொறந்தீங்களா?"

"அப்ப பாகக்காயில பாதி என்து" என்றான் மச்சான்.

"பாதி எப்படிடா? இருபத்திரண்டுல நாலு" என்றேன். அதற்கும் சிரித்தார்கள்.

ஜேசிபி வரவில்லை. வேலி நிற்கிறது. பறித்த பாகலில் முதல் கூடை இப்போது தம்பி வீட்டுக்குப் போகிறது, அனுப்புகிறவள் என் மனைவி. டீக்கடையில் யார் பேச்சுக் கொடுத்தாலும் மச்சான், "மாமா வூட்டு பாகக்காய்லாம் நம்ம தேனீ போட்ட பிச்சை" என்று தொடங்கிவிடுகிறான். பதில் நாக்கு நுனிவரை வரும். ரோஷப்பட்டு அவன் மறுபடி ஜேசிபிக்குச் சொல்லிவிட்டால் என்ன செய்வது? நான் டீயை ஊதி ஊதிக் குடிக்கிறேன்.