கொக்குக் கதை எழுதிய எங்கள் அக்கா

சென்ற தை மாதம் எங்களை விட்டுப் பிரிந்த அக்காவைப் பற்றி இந்த நினைவுக் கூட்டத்துக்காக என்னை எழுதச் சொன்னார்கள். நான் எட்டாம் வகுப்போடு நின்றவன், நாலு பேர் முன்னால் பேசவும் கூச்சப்படுகிறவன். பிழை இருந்தால் உறவினர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

திருவையாற்றுக்குப் பக்கத்தில் ஒரு குத்தகை விவசாயியின் மூத்த மகளாகப் பிறந்தார் அக்கா. அம்மா இறந்த பிறகு எங்களையும் வளர்த்துக்கொண்டே படித்து ஆசிரியை ஆனார். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்காகக் கதை எழுதினார். எழுதியதை முதலில் வகுப்பில் வாசிப்பார். பிள்ளைகள் எந்த இடத்தில் ஜன்னல் பக்கம் திரும்புகிறார்களோ, அந்த வரியை அங்கேயே அடித்துவிடுவார்.

வாய்க்கால் தண்ணீர் முழுவதும் தனக்கே என்று ஒற்றைக் காலில் நின்று மீன்களை மிரட்டும் கொக்கின் கதை ஒரு சிறுவர் இதழில் வந்தது. குத்தகைக்காரர்கள் தங்கள் பெயரைத் தாலுகா அலுவலகத்தில் பதியலாம் என்று அரசு அறிவித்திருந்த நேரம் அது. பதிந்தால் நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணை வெளியேற்றிவிடும் என்று ஊரே பயந்திருந்தது. அப்பாவும் பதியவில்லை.

பண்ணையின் கணக்கு வழக்கைக் கவனிக்கும் காரியக்காரர் அந்த இதழோடு வீட்டுக்கு வந்தார்.

“டீச்சரம்மா, இந்தக் கொக்கு நம்ம பண்ணையாமே? ஊரே சிரிக்குது. இல்லேன்னு எழுதிக் குடுங்க. இல்லாட்டி இந்தப் போகத்தோட உங்கப்பா நெலத்த விட்டுடட்டும்.”

“பண்ணைக்குக் கழுத்து அவ்ளோ நீளமாங்க?” என்றார் அக்கா.

அப்பா பதறிவிட்டார். ஏறக்குறைய ஒரு ஏக்கர் வரும் அந்த மூன்று மா நிலம்தான் எங்கள் சோறு. “ஐயா, அந்தக் கொக்கு நான்தாங்க. சேத்துக் கால வாய்க்கால்ல கழுவறப்ப இப்படித்தான் நிப்பேன். அதப் பாத்துதான் புள்ள எழுதிருச்சு” என்று ஒற்றைக் காலில் நின்று காட்டினார்.

“நல்லாத்தான்யா இருக்கு. இன்னும் கொஞ்ச நேரம் நில்லு” என்று காரியக்காரர் விழுந்து விழுந்து சிரித்தார்.

“அப்பா, காலக் கீழ வைங்க” என்றார் அக்கா. பிறகு காரியக்காரரிடம், “எழுதினப்ப நான் யாரையும் நெனைக்கலைங்க. இப்பச் சொல்றேன். அது பண்ணைதான். போய்ச் சொல்லுங்க” என்றார்.

அன்று இருட்டும்வரை அப்பா வயலிலேயே கிடந்தார். மறுநாள் காலை சட்டையைப் போட்டுக்கொண்டு வந்து, “நெலம் போறதுன்னு ஆயிருச்சு, இனிமே என்ன பயம்? பேரப் பதிய மனு எழுது தாயி” என்றார்.

நிலத்தை உழுது எடுத்துக்கொள்ளப் பண்ணை ஆட்கள் ஏரோடு வந்த அன்று, ஐந்து குத்தகைக் குடும்பங்கள் அப்பாவோடு வரப்பில் நின்றன. ஏர் திரும்பிப் போயிற்று. மனு மீதான தாலுகா விசாரணை இழுத்தடித்தாலும் முடிவில் அப்பாவின் பெயர் பதிவானது.

பார்வை மங்கிய பிறகும் அக்கா ஓயவில்லை. பேத்தியை எழுதச் சொல்லிக் கடைசி வாரம் வரை கதை சொன்னார்.

நோயில் உடனிருந்த மருத்துவருக்கும், முறை வைத்துக்கொண்டு வந்து பார்த்துக்கொண்ட பழைய மாணவர்களுக்கும் எங்கள் நன்றி. அன்று வரப்பில் நின்ற ஐந்து குடும்பங்களுக்கும் நன்றி. அவர்கள் நிற்காமல் போயிருந்தால், தான் சொன்ன ஒரு சொல்லுக்காக அக்கா வாழ்நாள் முழுவதும் வருந்தியிருப்பார்.

இன்று பரிமாறுவது அந்த நிலத்து அரிசி. எல்லோரும் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும்.