குழந்தை யேசுவிடம் நான் கேட்டது

நான் நன்றாக ஆடுவேன். இதைச் சொல்ல எனக்கு ஒருநாளும் வெட்கம் இருந்ததில்லை. ஒன்பது வயதில் இன்னும் மோசம்.

ஊரில் சண்டை முடிந்து இரண்டு வருடம் இருக்கும். சுவிஸில், ஓஸ்டர்முண்டிகனில் எங்களுக்கு மேல்மாடியில் ஒரு பிலிப்பைன்ஸ் அன்ரி குடியிருந்தார். அம்மாவோடு ஆஸ்பத்திரியில் துப்புரவு வேலை. அவர் வீட்டில் கிரீடமும் சிவப்பு அங்கியுமாக ஒரு குழந்தை யேசு சொரூபம் இருந்தது. அப்படியொன்றை ஸ்பானியர்கள் கப்பலில் கொண்டுவந்து அன்ரியின் நாட்டு ராணியிடம் கொடுத்தார்களாம். ராணி சந்தோஷத்தில் ஆடினாராம். அதனால்தான் தை மாதத் திருவிழாவில் இன்றும் அந்தக் குழந்தைக்கு முன்னால் ஆடுகிறார்கள் என்பார் அன்ரி.

"எங்களுக்கு வேதம் கொண்டுவந்தது போர்த்துக்கேயன், அவைக்கு ஸ்பானியன்," என்று அப்பா சிரிப்பார்.

அந்த வருடத் திருவிழாவுக்கு அன்ரி தன் மகளுக்கு மஞ்சள் பட்டில் சட்டை தைத்திருந்தார். அவளுக்கும் என் வயது. பிலிப்பைன்ஸில் சித்தியிடம் வளர்ந்தாள். விசா கிடைத்தால் வந்து ஆடுவாள், இல்லாவிட்டால் அவள் இடத்தில் நான். அளவு பார்க்க என்னைப் போடச் சொன்னார். எனக்கென்றே தைத்ததுபோல் இருந்தது. கழற்ற மனமே வரவில்லை.

ஒன்பது நாள் நவநாள் செபம். அவள் வந்து சேர வேண்டுமென்று எல்லோரும் மன்றாடினார்கள். நான் மட்டும் கண்ணை இறுக மூடிக்கொண்டு, திருவிழா முடியுமட்டும் அவள் வரக்கூடாது என்று கேட்டேன். நான் ஒன்றும் கெட்ட பிள்ளையில்லை. பிறகு வரட்டும் என்றும் சேர்த்துத்தான் கேட்டேன்.

ஒன்பதாம் நாள் கடிதம் வந்தது. விசா இல்லை. அன்ரி அதை மடித்துச் சொரூபத்தின் காலடியில் வைத்துவிட்டு, சட்டையை எடுத்து என் கையில் தந்தார்.

முன்னுக்கு இரண்டு அடி, பின்னுக்கு ஒன்று. இதுதான் ஆட்டம். பரதம் பழகிய கால் சும்மா இருக்குமா, மண்டபம் அதிரத் தட்டினேன். முடித்ததும் பழக்கதோஷத்தில் நிலத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றி நமஸ்காரமும் செய்துவிட்டேன். அவர்கள் ஆட்டத்தில் அப்படி ஒன்று கிடையாது. சபை எழுந்து நின்று கைதட்டியது. அப்பா முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் என் மகள், என் மகள் என்று சொல்லிக்கொண்டு நின்றார்.

அன்ரி ஓடிவந்து என்னைக் கட்டிப்பிடித்தார். விடவேயில்லை. சட்டையின் தோள் நனைந்தது.

"பிள்ளைக்கு மூச்சு முட்டப்போகுது," என்றார் அப்பா.

"பேசாமல் இருங்கோ. அவ கொஞ்சநேரம் பிடிச்சிருக்கட்டும்," என்றார் அம்மா.

அழவைக்கும் அளவுக்கு ஆடியிருக்கிறேனே என்று எனக்கு ஒரே பெருமை. அன்ரியின் தோளுக்கு மேலால் எட்டிச் சொரூபத்தைப் பார்த்து, கேட்டதைத் தந்ததற்கு நன்றி சொன்னேன்.