மிச்சம் போகும் இடம்

அவளுக்கு ஊர் வைத்த பெயர் டேங்கர் அக்கா. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் நிம்மதியாகத் தூங்குகிறது. மாட்டுப் பண்ணைகளின் சாணிக்கரைசலைக் குழாய் போட்டு உறிஞ்சி, டிராக்டருக்குப் பின்னால் இழுத்துப்போய் வயலில் தெளிப்பது அவள் தொழில். முதலில் அவள் கணவர்தான் ஓட்டிக்கொண்டிருந்தார். முதுகெலும்பு மக்கர் பண்ணி, இனி டிராக்டர் பக்கமே போகக்கூடாது என்று டாக்டர் கறாராகச் சொன்னதும் இவள் ஏறி உட்கார்ந்தாள். ஏறியவள் இறங்கவில்லை. அவர் சமையலறைக்குள் நுழைந்தார். அந்த மாற்றத்தில் வீட்டுக்கு நஷ்டம் எதுவும் இல்லை, சாப்பாடு முன்னைவிட நன்றாகவே இருந்தது.

அவள் வண்டி தெருவில் நுழைந்தால் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடிக்கொள்ளும். அவள் அதற்கெல்லாம் அசருகிற ஆளில்லை. பால் குடிக்கிற யாருக்கும் தன் வண்டியைப் பார்த்து மூக்கைப் பிடிக்க உரிமை கிடையாது என்பாள்.

அவளுடைய வேலையில் பாதி அண்ணன் பண்ணையில். அப்பா சொத்தைப் பிரித்தபோது மேட்டு நிலம் அண்ணனுக்கு, பள்ளம் தம்பிக்கு, டிராக்டர் இவளுக்கு என்று ஆனது. மேட்டில் அண்ணன் பெரிய மாட்டுக்கொட்டகை போட்டார். கொட்டகையை ஒட்டி, மேலே கூரை இல்லாத சாணிக்குழி. அதை அடுத்து ஒரு வயல், அதற்குப் பெயரே பக்கத்து வயல். அது சரிந்து இறங்குகிற இடத்தில் வாய்க்கால். வாய்க்கால் போய் விழுவது தம்பியின் மீன் குளத்தில். மேட்டுக்கு மறுபுறம், சாலையைச் சுற்றிக்கொண்டு போனால் இன்னொரு வயல் உண்டு. அது தூரத்து வயல். அங்கே மக்காச்சோளம் சாப்பாடு காணாத பிள்ளை மாதிரி வெளிறிப்போய் நிற்கும்.

போன வருஷ மழையில் தம்பியின் குளம் பச்சையாக மாறியது. தண்ணீரே தெரியாத அளவுக்குப் பாசி. ஒருநாள் விடியற்காலையில் மீன்களெல்லாம் காற்றுக்குத் தவித்து வாயைப் பிளந்துகொண்டு மேலே வந்தன. மத்தியானத்துக்குள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. தம்பி அண்ணனிடம் போய் உங்கள் சாணித் தண்ணீர்தான் காரணம் என்றான். உன் மீனுக்கு ஏதோ நோய் என்று அண்ணன் சொல்லிவிட்டார். தம்பி அங்கிருந்து நேராக அக்காவிடம் வந்தான். எனக்கென்ன தெரியும், சொன்ன இடத்தில் விடுகிறேன் என்றாள் அவள். சொல்லும்போதே நாக்கு கூசியது. அதற்கப்புறம் தம்பி அவளோடு பேசவில்லை. இன்னொரு தடவை மீன் செத்தால் குளத்தை அப்படியே போட்டுவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு மச்சான் இருக்கும் நகரத்துக்குப் போய் ஏதாவது தொழிற்சாலையில் சேர்ந்துவிடுவதாக அவன் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தான். சொன்னால் செய்கிறவன். அது அவளுக்குத் தெரியும், அதனால்தான் பயம்.

இந்த வருஷம் பால் சங்கத்திலிருந்து ஒரு ஆலோசகர் வந்தாள். ஒல்லியான பெண், முழங்கால் வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அண்ணன் வீட்டுச் சமையலறை மேஜையில் உட்கார்ந்துகொண்டு, பண்ணை வாசலில் நின்று பார்ப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள் என்றாள். வாசலுக்குள் என்னென்ன வருகிறது? தீவனம், புண்ணாக்கு, உர மூட்டை. வாசலை விட்டு என்னென்ன போகிறது? பால், கன்றுக்குட்டி, விற்ற மாடு. இதில் ஒவ்வொன்றிலும் பயிரை வளர்க்கிற தழைச்சத்தும் மணிச்சத்தும் இருக்கிறது. உள்ளே வந்ததையும் வெளியே போனதையும் அவள் கூட்டிக் கழித்தாள். தழைச்சத்து நாலு பங்கு உள்ளே வந்தால் ஒரு பங்குதான் பாலும் மாடுமாக வெளியே போகிறது என்றாள். மணிச்சத்திலும் பெரும்பகுதி உள்ளேயே தங்குகிறது.

அண்ணனுக்குச் சிரிப்பு. மாட்டுக்கெல்லாம் பாஸ்புக் போட வந்துவிட்டீர்களே என்று கிண்டல் செய்தார். அந்தப் பெண்ணும் சிரித்துவிட்டு, மிச்சம் எங்கே போகிறது என்று கேட்டாள். வயலுக்குத்தான் என்றார் அண்ணன். எந்த வயலுக்கு என்றாள். எல்லா வயலுக்கும் சமமாக என்றார்.

டேங்கர் அக்கா மூலையில் டீ குடித்துக்கொண்டிருந்தாள். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். போன வருஷம் சும்மா இருந்தாள் அல்லவா, அது இன்னும் உறுத்திக்கொண்டிருந்தது.

"இல்லைங்க. எல்லாமே பக்கத்து வயலுக்குத்தான் போகுது. நான்தானே விடுறேன்."

குழிக்குப் பக்கம், டீசல் மிச்சம், நேரம் மிச்சம். காரணம் அவ்வளவுதான். அதற்கு மேல் உர மூட்டை வேறு எல்லா வயலுக்கும் ஒரே அளவில் போய்க்கொண்டிருந்தது. அந்த வட்டாரத்துப் பண்ணைக்காரர்கள் ஒருத்தர் பாக்கியில்லாமல் செய்கிற தப்பு இது. காசு கொடுத்து மூட்டையில் வாங்கினால்தான் அது உரம். மாடு போட்டது உரக் கணக்கில் வராது, அது எங்கேயாவது தள்ளித் தொலைக்க வேண்டிய தொல்லை. அதிலும் மழை வருகிற நாளாகப் பார்த்துத் தெளிப்பார்கள், மழை கரைத்து மண்ணுக்குள் இறக்கிவிடுமாம்.

பக்கத்து வயல் இனி ஒரு துளியும் தாங்காது, போடுகிறதெல்லாம் வாய்க்கால் வழியாகக் குளத்துப் பாசிக்குத்தான் தீனி என்று ஆலோசகர் நிதானமாகச் சொன்னாள். அங்கே சாணியையும் மூட்டையையும் நிறுத்துங்கள், சாணியைத் தூரத்து வயலுக்குக் கொண்டுபோனால் அங்கேயும் மூட்டையைக் குறைக்கலாம், ஆனாலும் இத்தனை வருஷம் சேர்ந்தது வடிய நாளாகும் என்றாள். அண்ணன் பார்க்கலாம் என்றார். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

அன்றைக்கு வீட்டுக்கு வந்தவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. வயலைக் காட்டியது அண்ணன். வால்வைத் திறந்தது யார்? இந்தக் கை. கணவர் தட்டைப் பார்த்துவிட்டு உப்பு கூடிவிட்டதா என்று கேட்டார். அவள் தட்டைத் தள்ளி வைத்தாள்.

வெளியாள் முன்னால் அசிங்கப்படுத்திவிட்டாள் என்று அண்ணன் முறுக்கிக்கொண்டார். வாரக்கணக்கில் அவளைக் கூப்பிடவே இல்லை. மனுஷர்கள் கோபித்துக்கொள்ளலாம், மாடுகள் கோபித்துக்கொள்வதில்லை. அவை பாட்டுக்குத் தின்றன, போட்டன. குழி விளிம்புக்கு ஒரு சாண் கீழே வரைக்கும் ஏறி நின்றது. அந்தச் சமயம் பார்த்து, சாயங்காலத்துக்குள் பெருமழை, அதுவும் நாள்கணக்கில் என்று வானொலி சொன்னது. காலையில் அண்ணனிடமிருந்து போன் வந்தது. நலம் விசாரிப்பெல்லாம் இல்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வா என்றார், வைத்துவிட்டார்.

அவள் போனபோது மேற்கே வானம் கருத்துக் கிடந்தது. அண்ணன் பக்கத்து வயலின் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"சீக்கிரம் விட்டு முடி. மழை அதைக் கரைச்சு உள்ள இறக்கிரும்."

"உள்ள இறங்காதுண்ணே. கீழ இறங்கும்."

அவர் குரல் உயர்ந்தது. குழி பொங்கினால் என்ன செய்வாய், அப்போதும் அவன் குளத்துக்குத்தானே போகும் என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அவளைக் காலையிலிருந்து குடைந்ததும் அதே கேள்விதான். மழைக்கு முன்னால் எங்கேயுமே விடக்கூடாது என்பது ஆலோசகர் சொன்னது. ஆனால் குழியைக் குறைக்காமல் விட்டால் அத்தனையும் குளத்துக்கு. தூரத்து வயல் சமதளம், அறுவடை முடிந்து சும்மா கிடக்கிறது, அருகில் வாய்க்கால் கிடையாது, விட்ட கையோடு உழுதுவிட்டால் மண் பிடித்துக்கொள்ளும். நடக்கப்போகிற கெடுதலில் அதுதான் சின்னது. நேரம் போதுமா என்பதுதான் தெரியவில்லை. தூரத்து வயலுக்குத்தான் கொண்டுபோவேன் என்றாள்.

வேறு டேங்கரைக் கூப்பிடுகிறேன், உனக்கு இங்கே இனி வேலை இல்லை என்று அண்ணன் போனை எடுத்தார். அவள் டிராக்டரை நகர்த்தி வயல் கதவுக்குக் குறுக்கே நிறுத்தினாள். சாவியை உருவிக் கையில் வைத்துக்கொண்டாள்.

"வேற வண்டி வரட்டும். என் வண்டிய இடிச்சுத் தள்ளிட்டுப் போகட்டும். போன வருஷம் நான் பேசாம இருந்தேன், அவன் மீன் செத்துச்சு. இந்தத் தடவை அவனே போயிருவான்ணே. அப்புறம் மேட்டுல நின்னு யாரைப் பார்க்கப் போறே?"

அண்ணன் வானத்தைப் பார்த்தார், குழியைப் பார்த்தார், அவளைப் பார்க்கவில்லை. சண்டை போட நேரமில்லை என்பது அவருக்கும் தெரிந்தது. எக்கேடோ கெட்டுப் போ என்று போனைப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

அவள் உறிஞ்சினாள், சாலையைச் சுற்றி ஓட்டினாள், தூரத்து வயலில் தெளித்தாள், திரும்பி வந்தாள். இரண்டாவது நடையில் போனபோது வயலில் இன்னொரு டிராக்டர் நின்றது. கலப்பையோடு அண்ணன் உட்கார்ந்திருந்தார். அவள் தெளித்துக்கொண்டே போக, அவர் பின்னாலேயே உழுதுகொண்டு வந்தார்.

மத்தியானம் குழாயில் வைக்கோல் அடைத்துக்கொண்டது. முழங்கை வரைக்கும் கையை விட்டு அவள் அதைப் பிடுங்கிப் போடுவதற்குள் காற்று கிளம்பிவிட்டது. கொட்டகைத் தகரங்கள் தடதடத்தன. குழியில் மட்டம் ஒரு ஆள் உயரம் இறங்கியிருந்தது. இன்னும் ஒரே ஒரு லோடு எடுத்துவிட்டால் எத்தனை மழை வந்தாலும் தாங்கும் என்று பேராசைப்பட்டு உறிஞ்சினாள். அந்த லோடுதான் அவளை மாட்டிவிட்டது. பாதி வழியில் வானம் பொத்துக்கொண்டது. தூரத்து வயல் வாசலில் சேறு, முன் சக்கரம் பதிய ஆரம்பித்தது. அண்ணன் தொப்பலாக நனைந்து கத்தினார், இந்த ஒன்றைத்தானே, போகிற வழியில் பக்கத்து வயலில் திறந்துவிட்டு வீட்டுக்குப் போ, ஒரு லோடில் உலகம் முழுகிப்போகாது என்று.

அவளுக்கும் அப்படித்தான் தோன்றியது. முதுகு விண்டுபோனது, விரல்கள் மரத்துப்போயின. குழியில் திருப்பி ஊற்றினால், நாள்கணக்கில் பெய்யப்போகிற மழைக்கு அது தாங்குமோ என்னவோ. ஒரு லோடு. யாருக்குத் தெரியும்? பக்கத்து வயல் கதவைத் தாண்டி வண்டியை ஏற்றிவிட்டாள். பின்பக்கம் போய் வால்வுப் பிடியில் கையும் வைத்துவிட்டாள்.

கீழே வாய்க்கால் முகத்தில் தம்பி நின்றுகொண்டிருந்தான். மழையில் மண் மூட்டைகளை அடுக்கிக்கொண்டிருந்தவன் நிமிர்ந்து மேட்டைப் பார்த்தான். டேங்கரைப் பார்த்தான். அதன் பின்னால் அக்கா நிற்பதையும் பார்த்தான். அவன் கத்தவில்லை, கையை ஆட்டவில்லை. கையிலிருந்த மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வெறுமனே நின்றான். இனி அடுக்கி என்ன ஆகப்போகிறது என்கிற மாதிரி நின்றான்.

அவளுக்கு உடம்பெல்லாம் கூனிக் குறுகியது. கையை எடுத்தாள். வால்வுப் பூட்டை அழுத்தி மாட்டி, ஒரு தடவைக்கு இரண்டு தடவை இழுத்துப் பார்த்தாள். வண்டியை ரிவர்ஸ் எடுத்துக்கொண்டு, நிறைந்த டேங்கரோடு தன் வீட்டு முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினாள்.

மழை விடவில்லை. தூரத்து வயலுக்குள் கால் வைக்க முடியாதபடி ஈரம். டேங்கர் முற்றத்திலேயே நின்றது. எதிர்வீட்டுக்காரர் வந்து சத்தம் போட்டார். அடுத்த வீட்டம்மா துணி காயப்போட முடியவில்லை என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு கேள்வி கேட்டாள். எல்லோரிடமும் மன்னிப்புக் கேட்டே அவளுக்கு வாய் வலித்தது. தன் சமையலுக்கு வாசனை போதவில்லை என்று யாரும் இனி குறை சொல்ல முடியாது என்றார் கணவர்.

தினமும் விடிந்ததும் அவள் சாலையோரம் வரை போய்க் குளத்தைப் பார்த்துவிட்டு வந்தாள். கிட்டே போக முகமில்லை. முதல் நாள் காலையில் கொஞ்சம் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்தன, தம்பி காற்றுக் கொடுக்கிற மோட்டாரைப் போட்டுவிட்டு ஓடிக்கொண்டிருந்தான். பக்கத்து வயலில் வருஷக்கணக்காகச் சேர்ந்தது வடிகிறது, அதற்கு அவளால் செய்ய முடிந்தது ஒன்றுமில்லை. அடுத்த நாள் வந்த மீன்கள் குறைந்தன. அதற்கடுத்த நாள் தம்பி வாய்க்கால் தண்ணீரைக் கையில் அள்ளி முகர்ந்து பார்ப்பதைக் கண்டாள். முகர்ந்துவிட்டு அவன் நெடுநேரம் மேட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அன்று சாயங்காலம் அவன் அவள் வீட்டுக்கு வந்தான். தெருவே மூக்கைப் பொத்திக்கொண்டிருக்க, அவன் டேங்கரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். குனிந்து வால்வைப் பார்த்தான். உள்ளே வரவில்லை, படியருகில் நின்றான். ஒரு வருஷத்துக்கு அப்புறம் அவன் குரலைக் கேட்டாள்.

"அக்கா, ஊர்க்காரங்க கிட்ட எதுக்குத் திட்டு வாங்குறே? மண்ணு காயுற வரைக்கும் வண்டியக் குளத்து மேட்டுல கொண்டாந்து நிறுத்து. அங்க வீடு எதுவும் இல்ல."

அவளுக்குக் கேட்டது சரிதானா என்று சந்தேகம் வந்தது. குளத்துக்கு மேலேயா? "வேண்டாம்டா. கசிஞ்சு கிசிஞ்சு தொலைச்சா?"

"நீதானே பூட்டினே," என்றான் தம்பி.

அவள் உள்ளே போய்ச் சாவியை எடுத்துவந்தாள். ஆனால் வண்டியை உடனே கிளப்ப முடியவில்லை. இருக்கையில் ஏறி உட்கார்ந்து, ஸ்டியரிங்கில் தலையை வைத்து, தெருவே பார்க்க அழுதாள். தம்பி முன்னால் நடந்து போய், திருப்பத்தில் அவளுக்காகக் காத்துக்கொண்டு நின்றான்.