மடி வண்டி

எங்கே போனாலும் ராணி காரை விட்டு இறங்க மாட்டாள். "நீங்க போயிட்டு வாங்க, பையை நான் பாத்துக்கறேன்" என்பாள். சாமுண்டி மலையிலும் அதுதான், மிருகக்காட்சிசாலை வாசலிலும் அதுதான், சொந்தக்காரர் வீட்டு விசேஷத்திலும் அதுதான். மற்றவர்கள் கழற்றிப் போட்ட செருப்புகளைச் சீட்டுக்கடியில் ஜோடி சேர்த்து வைப்பாள். கண்ணாடியைப் பாதி இறக்கிவிட்டு, வருகிறவர் போகிறவரின் உடுப்புகளைப் பார்த்துக்கொண்டிருப்பாள். எந்த ரவிக்கைக்குக் கழுத்து சரியாக விழவில்லை, எந்தச் சட்டைக்குத் தோள் இறங்கிவிட்டது என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே அவளுக்குத் தெரிந்துவிடும். பையே கொண்டுபோகாத நாளிலும் பையைப் பார்த்துக்கொள்வதாகத்தான் சொல்வாள். வீட்டில் யாரும் அதைத் திருத்தியதில்லை.

ராணி ஹனூர்ப் பக்கத்துப் பெண். சின்ன வயதில் போலியோ வந்து இடது கால் சூம்பிவிட்டது. ஐந்தாவதுக்கு மேல் படிக்க ஓடையைத் தாண்டி வெகுதூரம் நடக்க வேண்டும் என்பதால் படிப்பு அதோடு நின்றது. தையல் பழகினாள். காளியப்பனைக் கட்டிக்கொண்டு மைசூருக்கு வந்து, ஹெப்பாளில் குடியிருந்த வீட்டு முன்னறையிலேயே மிஷினைப் போட்டாள். காளியப்பன் தன் பழைய காரில் கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்குகிறார். மகன் உதயகுமாருக்கு ஒரு தொழிற்சாலையில் வேலை. மகள் மனிஷா கணினிக் கம்பெனிக்குப் போகிறாள்.

வீட்டுக்குள் ராணிக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு கையைத் தொடையில் ஊன்றி, மறு கையால் சுவரைத் தடவிக்கொண்டு சமையலறைக்கும் மிஷினுக்கும் நாளெல்லாம் நடப்பாள். அவள் கை படும் உயரத்தில் சுவர் நெடுகச் சுண்ணாம்பு மங்கி ஒரு கோடு ஓடும். வாசலுக்கு வெளியேதான் பிடிக்கச் சுவர் கிடையாது.

முன்பெல்லாம் அவள் விசேஷ வீடுகளுக்குள் போய்க்கொண்டுதான் இருந்தாள். தம்பி லிங்கப்பன் மகள் கல்யாணத்தோடு அது நின்றது. அன்றைக்கு மண்டபத்துப் படியில் அவளைச் சிவப்புப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, லிங்கப்பனும் இன்னொருவரும் தூக்கிக்கொண்டு போனார்கள். அன்பாகத்தான் தூக்கினார்கள். ஆனால் வீடியோக்காரர் அதையும் எடுத்து, ஒரு சினிமாப் பாட்டையும் சேர்த்துவிட்டார். சொந்தபந்தம் எல்லாம் அதைப் போட்டுப் பார்த்தது. பட்டுச்சேலை முழங்கால்வரை ஏறியிருக்க, அவள் நாற்காலிக் கையை இறுக்கிப் பிடித்தபடி ஆடி ஆடிப் போவதை எல்லோரும் பார்த்தார்கள். அதிலிருந்துதான் அவள் பை பார்த்துக்கொள்ள ஆரம்பித்தாள்.

உதயகுமாருக்குக் கல்யாணம் நிச்சயமானது. அக்ரஹாரத்தில் ஒரு கோயிலில் தாலி கட்டு, பக்கத்து மண்டபத்தில் சாப்பாடு. அந்தத் தெருவில் பூக்கடையும் ஸ்கூட்டருமாக அடைத்துக்கிடக்கும், கார் முனையோடு நின்றுவிடும்.

"அதுக்கென்ன, நாற்காலி இருக்குது, நானிருக்கறேன்" என்றான் லிங்கப்பன். "தாய்மாமன் கல்யாணப் பொண்ணைத்தான் தூக்கோணுமா? மாப்பிள்ளையோட அம்மாளைத் தூக்கக்கூடாதா?"

எல்லோரும் சிரித்தார்கள். ராணியும் சிரித்தாள். "நீங்கெல்லாம் போங்க, நான் கார்லயே இருந்து பையை…" என்றவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள். சொந்த மகன் கல்யாணத்தில் அப்படிச் சொல்ல முடியாது என்று அப்போதுதான் அவளுக்கே உறைத்தது. சிரிப்பு அடங்கிவிட்டது. நாற்காலியில் போவதா, காரில் இருப்பதா என்று இரண்டு வழிதான் தெரிந்தது. இரண்டுக்கும் அவள் மனசு ஒப்பவில்லை.

அன்று சாயங்காலம் மனிஷா செல்போனோடு வந்து மிஷின் பக்கத்தில் உட்கார்ந்தாள். "அம்மா, இதப் பாரு. மடக்கிக் கார்ல போட்டுக்கலாம். இறங்கற இடத்துல விரிச்சு ஓட்டிட்டுப் போகலாம்."

படத்தில் ஒரு பெண் ஒல்லியான ஸ்கூட்டரில் நின்றபடி போய்க்கொண்டிருந்தாள்.

"நிக்கறதுக்குக் காலு வேணுமே கண்ணு" என்றாள் ராணி, நூலைக் கடித்துக்கொண்டே.

உதயகுமார் மடிக்கிற சைக்கிளைக் காட்டினான். தங்கை தலையில் குட்டியதும் போனை மூடிக்கொண்டான். காளியப்பன், பேட்டரி வைத்த சக்கர நாற்காலி வாங்கலாம் என்றார். ராணி ஊசியைத் துணியில் குத்தி வைத்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "அதுல உக்காந்தா, தள்ளறதுக்கு யாராச்சும் தன்னால வந்து பின்னால நின்னுக்குவாங்க. பேட்டரி இருக்குதுன்னாலும் கேக்கமாட்டாங்க."

காளியப்பனுக்கு அது உண்மை என்று பட்டது. முதல் ஆளாகத் தானே போய் நிற்போம் என்றும் தெரிந்தது.

"அப்ப உனக்கு எப்படித்தான் வேணும் புள்ள?"

"நானே கார்ல இருந்து எடுக்கோணும். நானே விரிக்கோணும். நானே உள்ள வெக்கோணும். நீங்க வந்து எறக்கற வரைக்கும் நான் கார்லயே இருக்கறதுன்னா, அது எதுக்குங்க?"

மடக்கிக் காரில் வைக்கிற வண்டிகளை விற்கும் கடைக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனார்கள். கடையில் இருந்த பெண்ணுக்குச் சௌம்யா என்று பெயர். கன்னடக்காரி. ராணிக்காகத் தனக்குத் தெரிந்த தமிழைத் திரட்டிக்கொண்டு பேசினாள். "இது எல்லா மடி வண்டி அக்கா. எல்லா மடி ஆகும்" என்று ஒவ்வொன்றையும் மடித்து மடித்துக் காட்டினாள். வாய் பொத்திச் சிரித்த மனிஷா, அன்றிலிருந்து அதற்கு அந்தப் பெயரையே வைத்துவிட்டாள்.

காளியப்பனுக்கு நாலு சக்கரச் சிவப்பு வண்டி ஒன்று பிடித்துப்போயிற்று. அகலமான சீட்டு, முன்னால் கூடை, விளக்கு. கடையின் காரில் வைத்துக் காட்டினார்கள், அழகாக உட்கார்ந்துகொண்டது. "நம்ம டிக்கியில தாராளமாப் போகும், அளந்து வெச்சிருக்கறேன்" என்று அவர் ராணியின் தையல் டேப்பை ஆட்டிக் காட்டினார். வெளியே வந்து தங்கள் கார் டிக்கியைத் திறந்தார்கள். உள்ளே, முக்கால்வாசி இடத்தை அடைத்துக்கொண்டு கேஸ் சிலிண்டர் படுத்திருந்தது. பெட்ரோலுக்குக் கட்டுப்படியாகாமல் காரை அவர் கேஸுக்கு மாற்றி வெகுகாலம் ஆகிறது.

"சிலிண்டருக்கு மேலயே டேப்பைப் போட்டு அளந்தீங்களா?" என்றாள் ராணி.

"நீளம் அகலம் சரியாத்தானே இருந்துச்சு…" என்று அவர் இழுத்தார்.

"நல்லவேளை, நீங்க துணி வெட்ட வரலை. தொப்பையை விட்டுட்டுச் சட்டை தெச்சிருப்பீங்க."

சௌம்யாவுக்குத் தமிழ் அவ்வளவு தெரியாவிட்டாலும் இது புரிந்துவிட்டது. அவள் சிரித்துக்கொண்டே உள்ளே போய், மூலையிலிருந்த சாம்பல் நிற வண்டியை உருட்டிவந்தாள். பேட்டரியில் ஓடும் மூன்று சக்கரம். சின்னச் சீட்டு. அழகென்று சொல்ல ஒன்றுமில்லை. ஒரு பட்டையை இழுத்தால் இரண்டாக மடிந்து, கைப்பிடியைப் பிடித்துப் பெட்டிபோல் இழுத்துப்போகும்படி இருந்தது.

"டிக்கி வேண்டாம்" என்றாள் ராணி. பின்சீட்டுக் கதவைத் திறந்து, தான் எப்போதும் உட்கார்ந்திருக்கும் இடத்தின் ஓரத்தில் உட்கார்ந்தாள். மடித்த வண்டியைத் தன் பக்கம் சாய்த்து இழுத்தாள். கைப்பிடி கதவில் இடித்துக் கோடு விழுந்தது. காளியப்பன் பல்லைக் கடித்தார், கையை நீட்டினார். மகளின் பார்வையைப் பார்த்து மடக்கிக்கொண்டார். ராணி வண்டியைத் திருப்பி, சக்கரம் முன்னால் வரும்படி வைத்து மறுபடி இழுத்தாள். மிஷின் மிதிக்க முடியாமல் கையாலேயே சக்கரம் சுற்றிப் பழகிய தோள் அது. காலுக்கும் சேர்த்துக் கையே உழைத்த உடம்பு. வண்டி சீட்டின் மேல் ஏறிப் படுத்துக்கொண்டது.

"இதுதான்" என்றாள்.

கல்யாணத்துக்கு முன்பு தெருவில் ஓட்டிப் பழகினாள். முதல்நாள் முந்தானை சக்கரத்தில் சிக்கியது. மறுநாளே லைனிங் துணியில் ஒரு மடிப்புப் பட்டி தைத்து, கொசுவத்தையும் முந்தானையையும் சேர்த்து இடுப்போடு பிடிக்கும்படி கொக்கி வைத்துக்கொண்டாள். டீக்கடை மல்லப்பன், "அக்கா, லைசென்ஸ் இருக்குதா?" என்று கேட்டார். "நீ டீக்குச் சக்கரை போடறதுக்கு லைசென்ஸ் காட்டு, நானும் காட்டறேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இத்தனை வருஷத்தில் அவருடைய கடைக்கு முன்னால் அவள் நின்று பேசியது அதுதான் முதல் தடவை.

கல்யாணத்தன்று கார் அக்ரஹாரத் தெருமுனையில் நின்றது. லிங்கப்பன் சொன்னபடியே சிவப்பு நாற்காலியைத் தலைமேல் தூக்கிக்கொண்டு வந்துவிட்டான். அந்த நாற்காலியைக் கண்டதும் ராணிக்குக் காருக்குள்ளேயே இருந்துவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. அவள் கை, தானாகப் பக்கத்தில் பையைத் தேடியது. பைக்குப் பதிலாக வண்டியின் கைப்பிடிதான் அகப்பட்டது.

வண்டியை இறக்கினாள். விரித்தாள். கொக்கியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நாற்காலிய என்ன பண்றது அக்கா?"

"நீ உக்காந்துக்கோடா. மச்சானைத் தூக்கச் சொல்றேன்."

பூக்காரிகள் கூடையை நகர்த்தி வழிவிட்டார்கள். கோயில் வாசலில் அர்ச்சகர் நின்றிருந்தார். சக்கரங்களைப் பார்த்ததும் கையை உயர்த்தி, "காடி ஒளகெ பரபாரதம்மா" என்றார். வண்டி உள்ளே வரக்கூடாது என்று அர்த்தம்.

உள்ளே நாதஸ்வரம் ஆரம்பித்துவிட்டது. பின்னால் லிங்கப்பன் நாற்காலியைக் கீழே வைக்கும் சத்தம் கேட்டது. ராணிக்குத் தெரியாதவரிடம் பேசவே வராது. பதற்றத்தில், வீட்டில் புழங்கிய வார்த்தைதான் வாயில் வந்தது.

"காடி இல்லீங்க சாமி. இது மடி வண்டி."

மடிக்கிற வண்டி என்றுதான் அவள் சொன்னாள். ஆனால் அக்ரஹாரத்தில் மடி என்றால், தமிழில் சொன்னாலும் கன்னடத்தில் சொன்னாலும், குளித்துத் துவைத்துக் கட்டி யாரையும் தொடாமல் இருக்கிற சுத்தம். அர்ச்சகர் ஒரு கணம் விழித்தார். "மடியா? வண்டி மடியா இருக்கா?" என்று தமிழிலேயே கேட்டுவிட்டு, தோள் குலுங்கச் சிரித்தார். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் ராணிக்குப் புரிந்தது. முகம் சிவந்துவிட்டது. ஆனால் பின்வாங்கவில்லை.

"குளிப்பாட்டிடறேனுங்க சாமி" என்றாள்.

"அப்படின்னா சரி. சக்கரத்துக்கு ஒரு சொம்பு ஜலம் விட்டுட்டு வாங்கோ."

"அம்மா, பேட்டரி மேல படாம!" என்று மனிஷா கத்தினாள். அவளே சொம்பை வாங்கிச் சக்கரத்துக்கு மட்டும் தண்ணீர் விட்டாள்.

இனி இருந்தது வாசற்படி. கல்படி, முழங்கால் உயரம். சக்கரம் ஏறாது. லிங்கப்பன் முன்னால் வந்தான், காளியப்பன் அவன் சட்டையைப் பிடித்து நிறுத்தினார். ராணி இறங்கினாள். நிலைக்கல்லை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். அது அவள் வீட்டுச் சுவரைப்போலக் கைக்கு வாகாக இருந்தது. படிமேல் உட்கார்ந்து, காலை ஒன்றன்பின் ஒன்றாக அந்தப் பக்கம் போட்டாள். பட்டையை இழுத்து வண்டியை மடித்து, கார் சீட்டில் ஏற்றுவதுபோல் தன் பக்கம் சாய்த்து இழுத்தாள். அந்தப் பக்கம் விரித்தாள். வீடியோக்காரர் அதையும் எடுத்தார்.

மணமேடையில் இருந்த உதயகுமார், தாலியை வாங்கக் கை நீட்டியவன், திரும்பிப் பார்த்துக்கொண்டே இருந்தான். "முன்னால பாருடா" என்று ராணி கையைக் காட்டினாள். தாலி கட்டும்போது அவள் அவனுக்கு ஒரு முழத் தூரத்தில் இருந்தாள்.

அந்த வீடியோவையும் சொந்தபந்தம் எல்லாம் பார்த்தது. இந்தத் தடவை ராணியும் பார்த்தாள். "கொசுவம் நல்லா நின்னிருக்குது" என்று மட்டும் சொன்னாள்.

இப்போது அந்தச் சாம்பல் வண்டி காரின் பின்சீட்டில், அவளுக்குப் பக்கத்தில் வருகிறது. கார்க் கதவில் விழுந்த கோடு அப்படியே இருக்கிறது. செங்குத்தான மேட்டில் வண்டி திணறும், மழையில் அதை எடுப்பதில்லை. லைனிங் துணியும் பட்டனும் வாங்க ராணி தானே கடைக்குள் போகிறாள், நிறத்தைத் தானே பார்த்து எடுக்கிறாள். பை பார்த்துக்கொள்ள யாரும் இல்லாததால், காளியப்பன் காரைப் பூட்டிவிட்டுப் பின்னால் வருகிறார்.