குடையா, பெட்டியா, என் பசியா?

என் பேத்தி பல்லடம் ரோட்டில் போட்டோ ஸ்டூடியோ திறக்கப் போகிறாள். எங்கள் குடும்பத்தில் இதுதான் முதல் ஸ்டூடியோ, சொல்லிவிட்டேன்.

விளக்கு முகத்தில் சுள்ளென்று அடிக்காமலிருக்க வெள்ளைக் குடை வாங்குவதா, முன்னால் துணி கட்டிய சாஃப்ட்பாக்ஸ் பெட்டியா என்று அவளுக்குக் குழப்பம். கடைக்காரர் இரண்டையும் கொடுத்து, சாயங்காலத்துக்குள் ஒன்றைத் திருப்பித் தரச் சொல்லியிருந்தார். சோதித்துப் பார்க்க ஒரு முகம் வேண்டுமே? என்னை உட்கார வைத்தாள்.

முதலில் குடை. பட்டுச்சேலையில் விறைப்பாக உட்கார்ந்து சிரித்தேன்.

"ஆதார் கார்டுக்கா எடுக்கறோம்? சும்மா இருக்கற மாதிரி இருங்க அப்பாயி."

பெட்டியை மாட்டி முடிப்பதற்குள் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இடுப்பு கழன்றது. சிரிப்பெல்லாம் தீர்ந்து, எப்படியோ எடுத்துக்கொள் என்று உட்கார்ந்திருந்தேன்.

"பாருங்க அப்பாயி! சாஃப்ட்பாக்ஸ்ல உங்க மூஞ்சி எத்தன சாந்தமா இருக்குது!"

"அது பசி, கண்ணு."

"போங்க அப்பாயி!" என்று சிரித்தவள், குடையை மடக்கி எடுத்துக்கொண்டு கடைக்குக் கிளம்பிவிட்டாள்.

இரண்டு படத்தையும் கீழே போட்டிருக்கிறேன். குடைதான் நல்லது என்பவர்கள் தாராளமாகச் சொல்லுங்கள். ஆனால் மறுபடி உட்கார நீங்களே வந்துவிடுங்கள், சாப்பிட்டுவிட்டு.