கைராசிக்காரரும் முப்பத்திரண்டு அணிகளும்

மடு மாதாவின் ஆவணித் திருவிழா முடிந்து சனம் வீடு திரும்பினால் கீரி என்ற கரையூரில் எல்லோரும் கொஞ்சம் மூச்சுவிடுவார்கள். பெனடிக்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. ஐம்பத்திரண்டு வயது, பழுதான இடுப்பு, கரையில் மீன் வாங்கி ஐஸ் போட்டுப் பெட்டி கட்டி அனுப்புகிற வேலை. இத்தனையையும் வைத்துக்கொண்டு அந்த மனிதர் அமெரிக்க ஃபுட்போல் படிக்க வேண்டும். எந்த அணியில் யார் பந்து எறிகிறான், யாருக்கு முழங்கால் போய்விட்டது, கிண்ணம் இவர்களுக்குத்தான் என்று பந்தயம் கட்டினால் எந்த அணிக்கு எத்தனை மடங்கு விலை தருகிறார்கள் என்று கைபேசியில் கண் நோகப் பார்க்க வேண்டும். மொத்தம் முப்பத்திரண்டு அணிகள். ஓர் ஆட்டத்தைக்கூட அவர் முழுதாகப் பார்த்ததில்லை. தலைக்கவசம் போட்ட மாடு போன்ற ஆட்கள் நாலடி ஓடுவதும் நிற்பதுமாக இருந்ததில் அவருக்கு அலுப்புத்தான் வந்தது.

“உங்கட பள்ளிக்கூடம் துவங்கிட்டுதோ?” என்று மனைவி றெஜினா கேட்பாள். ஓம் என்று தலையாட்டுவார். சிரிப்பதற்கும் அவருக்குத் தெம்பு இருக்காது.

எல்லாம் கைராசியால் வந்த வினை. பெனடிக்றுக்குக் கைராசி என்று கரையில் ஒரு பேச்சு. யாராவது புது வலை எடுத்தால், கடலில் இறக்கமுன் அவரைக் கூப்பிட்டுத் தலைப்பைத் தொடச் சொல்வார்கள். தங்கை பிரான்சிஸ்காவின் புருசன் றெனால்ட் ஒரு காலத்தில் அவரோடு ஒரே வள்ளத்தில் போனவன். பிறகு ரொறொன்ரோவுக்குப் போய்த் தொழிற்சாலை ஒன்றில் சேர்ந்தான். கூட வேலை செய்தவர்கள் இந்த ஃபுட்போலில் பந்தயம் கட்டுவதைப் பார்த்து அவனுக்கும் ஆசை வந்தது. “மச்சான், ஒரு பேர் சொல்லு” என்று விளையாட்டாகக் கேட்டான். அந்த நேரம் எதிரே மீன்வாடிக் கூரையில் ஒரு கழுகு இருந்தது. “கழுகு” என்றார் பெனடிக்ற். கழுகு அணி கிண்ணத்தைத் தூக்கிவிட்டது. அன்று பிடித்த சனியன் இன்னும் விடவில்லை.

அடுத்த வருடம் றெனால்ட் மறுபடி கேட்டபோது, வாய்க்கு வந்ததைச் சொல்ல பெனடிக்றுக்கு மனம் வரவில்லை. தெரியாமல் சொல்லி மச்சானைக் கெடுப்பது பாவம் என்று நினைத்தார். அதனால்தான் படிக்கத் தொடங்கினார். படிக்கப் படிக்க அவருக்கு ஒன்று விளங்கியது. அணிகளுக்குப் போட்டிருக்கும் விலைகளை வாய்ப்பாக மாற்றிக் கூட்டிப் பார்த்தால் நூற்றுக்கு நூறு வர வேண்டும். அதுவோ நூற்றிருபதைத் தாண்டி நின்றது. அந்த மிச்சம் பந்தயக் கடைக்காரனுடையது. கரையிலே வள்ளச் சொந்தக்காரனுக்கு வள்ளப் பங்கை எடுத்துவிட்டுத்தானே ஆட்களுக்குப் பிரிக்கிறார்கள், அதே கதைதான். நல்ல அணிக்கும் நல்ல விலை கிடைக்காது. இதை வருடா வருடம் அவர் சொன்னார். றெனால்ட் கேட்டால்தானே! இவர் சொன்ன பேர்கள் வருடா வருடம் தோற்றன. அதற்கும் இவரைக் குறை சொல்லவில்லை. அடுத்த முறை வாய்க்கும் என்றான்.

இந்த வருடம் திருவிழா முடிந்த கையோடு ரொறொன்ரோவிலிருந்து பிரான்சிஸ்கா போன் எடுத்தாள்.

“அண்ணா, இவர் இந்த முறை வீட்டை ஈடு வைச்சிட்டார். எனக்குச் சொல்லேல்லை. எல்லாத்தையும் ஒரே அணியில கட்டப் போறாராம். உங்கட வாயால ஒரு பேர் வந்தாப் போதுமாம்.”

“நான் சொல்லேல்லை, பிள்ளை.”

“சொல்லாட்டியும் கட்டுவார், அண்ணா. பிள்ளையளோட நான் எங்க போறது?”

பெனடிக்றுக்குக் கோபம் வந்தது. றெனால்ட் மேல் பாதி, தன் மேல் பாதி. தனக்கு ஒன்றும் தெரியாது என்று முதல் வருடமே சொல்லியிருக்கலாம். கைராசிக்காரன் என்று ஊர் சொல்ல, கேட்டுக்கொண்டு சும்மா இருந்ததும் தான்தானே என்று நொந்துகொண்டார்.

இரண்டு நாள் கழித்து, பொழுதுபடுகிற நேரம், ஐஸ் பெட்டிகளை லொறியில் ஏற்றிக்கொண்டிருந்தபோது றெனால்ட் எடுத்தான். அங்கே காலை.

“சொல்லு மச்சான், ஆர்?”

“ஒருத்தரும் இல்லை. முன்னுக்கு நிக்கிற அணிக்கே எட்டில ஒரு வாய்ப்புத்தான் இருக்கு. அவங்கள் தாறதோ ஆறு மடங்கு. உனக்கு வள்ளப் பங்கு விளங்கும்தானே? இது அதைவிடக் கேடு. கட்டாதை.”

“கணக்கு ஆருக்கு வேணும்? எனக்கு உன்ர வாய்தான் வேணும்.”

“வீட்டை யோசி றெனால்ட். தங்கச்சியை யோசி.”

“ஓ, அவள் சொல்லிப்போட்டாளோ?” றெனால்ட் சிரித்தான். “வெண்டால் காசு அவளுக்கும்தான். நீ சொல்லாட்டி விடு, நான் கரடி அணியில கட்டுறன். சப்பாத்தும் போட்டிட்டன், கார்த் திறப்பும் கையில. போனை வைக்கட்டே?”

கதவு திறக்கிற சத்தம் பெனடிக்றுக்குக் கேட்டது. இனி அவரிடம் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை. இடுப்பைப் பிடித்துக்கொண்டு ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்தார். பிறகு கேட்டார்:

“எங்க போறாய், மச்சான்?”

கடலுக்குப் போகிறவனை மறித்து அப்படிக் கேட்க அந்தக் கரையில் யாரும் துணியமாட்டார்கள். கேட்டால் அன்றைய தொழில் முடிந்தது. வள்ளத்தைத் தள்ளியிருந்தாலும் திரும்ப இழுத்துவிட்டு வீட்டுக்குப் போவார்கள். அறியாப் பிள்ளை கேட்டாலே அடி விழும். கைராசிக்காரன் கேட்டால் அந்தத் தொழிலை அந்தப் பருவத்துக்கே மறந்துவிட வேண்டியதுதான்.

மறுபக்கம் காலடிச் சத்தம் நின்றது.

“என்ன கேட்டனீ?” என்றான் றெனால்ட்.

“எங்க போறாய் எண்டு கேட்டனான்.”

“நீயாடா? ஒரே வள்ளத்தில கிடந்தனாங்களடா. தெரிஞ்சுகொண்டே என்ர காலை மறிக்கிறாய் என்ன?”

“ஓம். தெரிஞ்சுதான்.”

றெனால்ட் தூசணத்தால் திட்டினான். ஆத்தையையும் அப்பனையும் இழுத்தான். பெனடிக்ற் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். இணைப்பு அறுந்த பிறகு மிச்சப் பெட்டிகளை ஏற்றினார். பிறகு வீட்டுக்குப் போனார். ஆயுசுக்கும் ஒரு சிநேகிதனை இழந்துவிட்டேன் என்று றெஜினாவிடம் சொல்லி அழுதார்.

மறுநாள் பின்னேரம் பிரான்சிஸ்கா எடுத்தாள்.

“அண்ணா, என்ன சொன்னனீங்கள் அவருக்கு? செத்தாலும் உங்கட முகத்தில முழிக்கமாட்டாராம். உங்கட பேரை வீட்டில எடுக்கக் கூடாதாம்.”

“சரி. எடுக்காதேங்கோ. பந்தயக் கடைக்குப் போனவனோ?”

“இல்லை. வாசலோட திரும்பி வந்திட்டார். நேற்றையில இருந்து சப்பாத்தும் கழற்றேல்லை, கதிரையில அப்படியே இருக்கிறார்.”

“இருக்கட்டும் பிள்ளை,” என்றார் பெனடிக்ற். “தேத்தண்ணி ஊத்திக் குடு. என்னோட கதைச்சது எண்டு சொல்லாதை.”